உறை மாறிய கடிதங்கள்

குமாஸ்தா ஒருவர் பத்துப் பேருக்குக் கடிதம் தட்டச்சு செய்கிறார். பத்து உறைகளில் முகவரி எழுதுகிறார். பிறகு எதையும் பார்க்காமல், கைக்கு வந்த கடிதத்தைக் கைக்கு வந்த உறையில் திணித்து ஒட்டிவிடுகிறார். ஒரு கடிதம்கூட உரியவருக்குப் போய்ச் சேராமலிருக்க நிகழ்தகவு என்ன?

நிகழ்தகவு படித்தவர்களில் பலர் இந்தக் குமாஸ்தாவைச் சந்தித்திருப்பார்கள். நுழைவுத்தேர்வு வழிகாட்டிகளில் அவர் வெகுகாலமாக வேலை பார்க்கிறார். சில புத்தகங்களில் கடிதத்துக்குப் பதில் தொப்பி மாறும். விருந்துக்கு வந்தவர்கள் இருட்டில் ஆளுக்கொரு தொப்பியை எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டுக்கும் விடை ஒன்றுதான்: ஏறத்தாழ 0.37. பள்ளியில் கணக்கு நடத்திய காலத்தில் நானும் இதைக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். ஒருமுறை கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்து, "எந்த ஆபீஸ்ல சார் இப்படி லெட்டர் போடுவாங்க? இந்தக் கணக்கை எதுக்கு சார் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. முதல் கேள்வி குறும்பு. இரண்டாவது நியாயமான கேள்வி. ஓய்வு பெற்ற பிறகு அதன் பின்னாலேயே போனேன்.

போவதற்கு முன் கணக்கின் விசித்திரத்தைச் சொல்லிவிட வேண்டும். கடிதம் மூன்று என்றால், உறைகளில் போடும் வழிகள் 6. எல்லாமே தப்பாகப் போகும் வழிகள் 2. நான்கு என்றால் 24-ல் 9. ஐந்து என்றால் 120-ல் 44. வகுத்துப் பாருங்கள்: 0.333, 0.375, 0.367. ஆறு கடிதத்துக்கு 0.368. அதற்கப்புறம் அந்த எண் அசைந்துகொடுப்பதே இல்லை. பத்துக் கடிதமானாலும் பத்து லட்சம் கடிதமானாலும் 0.3679. கடிதம் கூடக்கூட ஏதாவது ஒன்று சரியாக விழ இடம் கூடுகிறதே என்று ஒரு மனம் சொல்லும். உறைகளும் கூடுவதால் ஒவ்வொன்றும் தன் உறையைக் கண்டுபிடிப்பது கடினமாகிறதே என்று இன்னொரு மனம் சொல்லும். இரண்டும் சரி. ஒன்றை மற்றது ஈடுகட்டிவிடுகிறது.

தேடலில் முதலில் கைகொடுத்தவர் ஐசக் டாட்ஹண்டர். கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர். இயற்கணிதம், யூக்ளிடின் வடிவியல் என்று அவர் எழுதிய பாடநூல்களை ஆங்கிலேயர் கால இந்திய மாணவர்களும் உருப்போட்டிருக்கிறார்கள். பாஸ்கல் காலத்திலிருந்து லாப்லாஸ் காலம் வரை நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்த வரலாற்றை 1865-ல் அவர் ஒரே தொகுதியாக வெளியிட்டார். அலங்காரம் கிடையாது. யார், எந்த ஆண்டு, என்ன கணக்குப் போட்டார், எங்கே சறுக்கினார் என்று பத்திக்கு எண் போட்டு அடுக்கிக்கொண்டே போகிறார். தேடி வருகிறவனுக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

கடிதங்களும் உறைகளும் அந்த நூலில் எனக்கு அகப்பட்ட இடம், யோஹான் ஹைன்ரிஷ் லாம்பெர்ட்டைப் பற்றிய பகுதி. பை ஒரு விகிதமுறா எண் என்று முதலில் நிறுவியவர் அவர். பெர்லின் அறிவியல் கழகத்தின் 1771-ஆம் ஆண்டுத் தொகுதியில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு வகை மூடநம்பிக்கையை நிகழ்தகவுக் கணக்குக்குள் கொண்டுவந்து ஆராய்வதாகச் சொல்கிறது அது. அந்த மூடநம்பிக்கை, பஞ்சாங்கம்.

அன்றைய ஜெர்மானியர்களுக்குப் பஞ்சாங்கம் சொல்லும் வானிலையின் மேல் அப்படியொரு பிடிப்பு. இன்ன நாளில் மழை, இன்ன நாளில் பனி என்று அச்சிட்டிருந்தால் நம்பினார்கள். சில சமயம் அது பலிக்கவும் செய்தது. லாம்பெர்ட் அவர்களோடு வாதாடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பஞ்சாங்கக்காரர் எதையும் யோசிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால் எத்தனை பலித்திருக்கும்? இதைக் கணக்காக்கினால் வருவது, கடிதங்களும் உறைகளும் மாறும் அதே கணக்கு. கணித்துச் சொன்னது கடிதம். உண்மையில் நடந்தது உறை. ஆக, அந்தக் குமாஸ்தாவின் உண்மையான தொழில் ஜோசியம்.

இந்தக் கதையில் இன்னொரு சுவாரசியம் உண்டு. 1700-ல் லைப்னிட்ஸின் முயற்சியால் தொடங்கப்பட்ட அந்த அறிவியல் கழகத்துக்கு முக்கிய வருமானமே பஞ்சாங்க விற்பனைதான். பிரஷ்ய அரசின் எல்லைக்குள் நாட்காட்டி வெளியிடும் ஏகபோக உரிமை கழகத்திடம் இருந்தது. பஞ்சாங்கப் பணத்தில் நடந்த கழகத்திலேயே பஞ்சாங்கத்தைக் கணக்கால் சோதித்திருக்கிறார் லாம்பெர்ட்.

அவருடைய முறையில் பன்னிரண்டு கணிப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றுகூடப் பலிக்காமல் போக வாய்ப்பு நூற்றுக்கு 37. சரியாக ஒன்று மட்டும் பலிக்க, அதே 37. இரண்டு பலிக்க 18. மூன்று பலிக்க 6. நான்கோ அதற்கு மேலோ பலிக்க வெறும் 2. சராசரி போட்டால், கணிப்புகள் எத்தனை இருந்தாலும் சரியாக ஒன்று பலிக்கும். அதாவது ஒன்றுமே தெரியாதவர்கூட மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு, "பார்த்தீர்களா, சொன்னேனே!" என்று மார்தட்டிக்கொள்ளலாம்.

இதைப் படித்தபோது நம் ஊர் நினைவு வராமலிருக்குமா? மழைக்காலம் வந்தால் பஞ்சாங்கப் பக்கத்தைப் படம் பிடித்து, ஒரு வரியை மட்டும் சிவப்பில் வட்டமிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் என் உறவிலேயே உண்டு. வட்டம் விழாத மற்ற வரிகளை யாரும் எண்ணுவதில்லை. லாம்பெர்ட்டின் கணக்கு நம் பஞ்சாங்கத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு உறைதான் உண்டு. ஐப்பசியில் மழை என்பதற்கோ எந்த உறையும் பொருந்தும். நம்மவர் வேலை இன்னும் சுலபம்.

இந்தக் கணக்கில் லாம்பெர்ட்டுக்கு முன்னோடி, கணிதமேதை ஆய்லர். ஆய்லர் அதே பெர்லின் கழகத்தில் 1751-ல் இந்தக் கணக்கைச் செய்தார். அங்கே கடிதமும் இல்லை, மழையும் இல்லை, சீட்டுதான். இரண்டு பேர், ஆளுக்கொரு முழுக் கட்டு. இருவரும் ஒரே நேரத்தில் மேல்சீட்டைத் திருப்பிப் போடுகிறார்கள். எப்போதாவது இருவர் கையிலும் ஒரே சீட்டு விழுந்தால் முதலாமவர் ஜெயித்தார். கட்டு முடியும்வரை விழவே இல்லையென்றால் இரண்டாமவர். சீட்டுகள் கூடக்கூட இரண்டாமவரின் வாய்ப்பு, 1-ஐ ஈ என்ற மாறிலியால் வகுத்த எண்ணை நெருங்குவதை ஆய்லர் காட்டினார். 2.71828 என்று தொடங்கும் அந்த மாறிலிக்கு அந்த எழுத்தைச் சூட்டியவரும் அவரே. கூட்டு வட்டியைப் பற்றிய கணக்கில் எட்டிப்பார்த்த எண், சீட்டுக் கட்டுக்குள்ளும் ஒளிந்திருந்தது.

ஆய்லருக்கும் முன்னால் போனால் பாதை பாரிசில் முடிகிறது. 1708-ல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்த ஒரு நூல், சூதாட்டங்களைக் கணிதத்தால் ஆராய்ந்தது. எழுதியவர் பியர் ரெமோன் த மோன்மோர். அதில் அவர் எடுத்துக்கொண்ட ஆட்டங்களில் ஒன்று 'ட்ரேஸ்', அதாவது பதிமூன்று. விதி எளிது. ஒருவர் வங்கி, மற்றவர்கள் பணம் கட்டுகிறார்கள். வங்கிக்காரர் 52 சீட்டையும் கலைத்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே "ஒன்று, இரண்டு, மூன்று" என்று பதிமூன்றுவரை சொல்கிறார். பதினொன்று ஜாக்கி, பன்னிரண்டு ராணி, பதிமூன்று ராஜா. சொன்ன எண்ணும் விழுந்த சீட்டும் ஒத்துப்போனால் கட்டிய பணம் முழுக்க அவருக்கு. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கலாம். பதிமூன்றுவரை ஒத்துப்போகவில்லையென்றால் எல்லோருக்கும் பணம் கொடுத்துவிட்டு, வலதுபுறம் இருப்பவரிடம் கட்டை நீட்டிவிட வேண்டும்.

விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளோடு புளியங்கொட்டையைப் பணயம் வைத்து இதை ஆடிப் பார்த்தேன். வங்கியாக உட்கார்ந்த பேத்தியின் முன்னால் கொட்டை குவிய, "இந்தச் சீட்டு உன்கிட்ட பேசுதா?" என்று கத்தினான் அவள் தம்பி. அவன் முறை வந்ததும் அவனிடமும் பேசியது. ஏன் என்று கணக்குச் சொல்லும். முழுக் கட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு சீட்டு இருப்பதால், ஒரு சுற்றில் வங்கி ஜெயிக்கும் நிகழ்தகவு 0.643. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. கையில் கட்டு இருப்பவருக்கே பலன் அதிகம் என்பதை ஆட்டத்தைப் பார்த்து ஊகிப்பது கடினம்.

முழு ஆட்டத்தைக் கணக்கிடுவதற்குமுன் மோன்மோர் அதை எளிமையாக்கினார். ஒரே இனத்தின் 13 சீட்டு மட்டும் என்றால்? இங்கேதான் நம் குமாஸ்தா பிறக்கிறார். விடையை அடையும் வழி அழகானது. ஒவ்வொரு சீட்டும் தன் இடத்தில் விழ வாய்ப்பு 13-ல் 1. பதிமூன்றையும் கூட்டினால் 1. ஆனால் இரண்டு சீட்டு சேர்ந்து சரியாக விழுந்ததை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். அதற்காக 2-ல் 1 கழிக்க வேண்டும். அப்போது மும்மூன்றாக விழுந்ததை அதிகமாகக் கழித்துவிட்டோம். 6-ல் 1 கூட்ட வேண்டும். பிறகு 24-ல் 1 கழிக்க வேண்டும். இப்படி 13 உறுப்புகள். முடிவில் கிடைப்பது 172972800-க்கு 109339663, தசமத்தில் 0.632. ஒன்றிலிருந்து கழித்தால், பழைய 0.368.

1708 பதிப்பில் மோன்மோர் விடையைத் தந்தார், நிறுவலைத் தரவில்லை. பாசல் நகரத்து நிக்கோலஸ் பெர்னூலியோடு நடந்த கடிதப் போக்குவரத்தில் அது தெளிவடைந்தது. பெர்னூலியின் நிறுவலும் அந்தக் கடிதங்களும் 1713-ல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தன. சீட்டாட்டத்தைப் பற்றி இப்படிக் கடிதம் எழுதிக்கொண்ட இவர்கள், சூதாடிகளுக்கு வழிகாட்ட நினைத்தவர்கள் இல்லை. தன் முன்னுரையில் மோன்மோர், மனித அறிவின் பலவீனமும் மூடநம்பிக்கையும் சூதாட்டத்தில்தான் வெளிச்சமாகத் தெரிகின்றன என்ற பொருளில் எழுதுகிறார். அதிர்ஷ்டம் என்று மனிதர் கும்பிடுகிற ஒன்றுக்கு அளவு காண்பதே அவர் நோக்கம்.

பாரிசில் 1708, பெர்லினில் 1771. அறுபது ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர் இந்தக் கணக்கைக் கையில் எடுத்தபோது இரண்டு பேரின் எதிரிலும் இருந்தது ஒன்றுதான்: தற்செயலாக நடந்ததைத் தெய்வச் செயலாகப் பார்க்கும் கண். சீட்டு போனது, மழை போனது, கடிதமும் உறையும் மட்டும் பாடப்புத்தகத்தில் தங்கின. கேள்வி பிழைத்தது, அதைக் கேட்ட காரணம் உதிர்ந்துவிட்டது. அதனால்தான் மாணவனுக்கு அது கிறுக்குக் குமாஸ்தாவின் கதையாகப் படுகிறது.

இதை இன்று நடத்துவதென்றால் நான் குமாஸ்தாவை விட்டுவிட்டு, பத்திரிகையின் புத்தாண்டு ராசிபலனிலிருந்து தொடங்குவேன். பலித்ததைக் காட்டுகிறவரிடம் மொத்தம் எத்தனை சொன்னீர்கள் என்று கேட்கச் சொல்லிக்கொடுப்பேன். பன்னிரண்டில் ஒன்று என்றால், அது தானாக வருவது. இரண்டு என்றாலும் வியப்பதற்கில்லை. ஐந்து, ஆறு என்று ஆண்டுதோறும் வந்தால் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்து, எப்படி என்று விசாரிக்கலாம்.