ஆணியில் தொங்கும் படம்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருப்பது கொண்டையராஜுவின் லக்ஷ்மி. ஒரு ஜவுளிக் கடை தீபாவளிக்குக் கொடுத்த காலண்டர். வருஷம் முடிந்ததும் அம்மா தேதித்தாள் கட்டைப் பிய்த்தெறிந்து, கடைப்பெயர் அச்சான அடிப்பகுதியைக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டாள். வர்த்தகம் போயிற்று. ஆனால் நுண்கலையும் ஆகவில்லை, சாமி ஆகிவிட்டது. வர்த்தக ஓவியம், தூய ஓவியம் என்று நாம் பிரித்துப் பேசும்போது இந்த மூன்றாவது கதி நமக்கு ஞாபகம் வருவதில்லை.

அமெரிக்காவில் பிரௌன் அண்ட் பிகலோ என்ற காலண்டர் கம்பெனிக்காகக் கில் எல்வ்க்ரென் எழுதிய பெண்கள், காற்றில் பாவாடை பறக்க, மோட்டார் பட்டறைச் சுவர்களில் தொங்கினார்கள். கலைப்பள்ளியில் தேர்ந்த கை, எண்ணெய் வர்ணம், கீழே யாரோ ஒரு வியாபாரியின் விலாசம். நம்மூரில் அவள் தாமரைமேல் நின்றாள். பார்க்கிறவனை நேராகப் பார்த்து முறுவலிக்கும் முகம் இருவருக்கும் பொது. இதைச் சொன்னால் அம்மா அடிக்க வருவாள். நண்பர்கள் மட்டும் ஒப்புக்கொள்வார்கள், அதுவும் வேறு காரணத்துக்காக.

கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், ரமணாசிரமத்தில் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதியவர். பிறகு கோவில்பட்டியில் நிலைத்தார். பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள். அவருடைய 'மீனாக்ஷி கல்யாண'த்தில் எனக்குத் தெரிவது புராணமல்ல, மேடை. உருவங்கள் முன்விளிம்புக்கு வந்து நிற்கின்றன, சபையைப் பார்த்து. அவரை நகல் செய்தவர்களிடம் கன்னத்து ரோஜா மிஞ்சியது, இந்த நிற்றல் போயிற்று. வீழ்ச்சி என்றால் நான் அதைத்தான் சொல்வேன், விற்பனையை அல்ல. சிறுபத்திரிகைகளுக்கு வரைந்த ஆதிமூலம் ஜூனியர் விகடனில் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கும் வரைந்தார். கோடு கெட்டா போயிற்று?

கீழக்குயில்குடி சமணர் மலையில், செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும், தீர்த்தங்கரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறார்கள். அடியில் வட்டெழுத்து: இன்னார் செய்வித்த திருமேனி. செதுக்கியவன் பெயர் இல்லை. செலவழித்தவர் பெயர் இருக்கிறது, காலண்டரில் கடைப்பெயர் இருக்கும் அதே இடத்தில். பாறையைக் கத்தரிக்க முடியாததால் அந்தப் பெயர்கள் பிழைத்தன.

டிசம்பர் கடைசியில் எங்கள் கிளைக்குக் காலண்டர் கட்டு வரும். எண்கள் மட்டும், பெரிது பெரிதாக. பென்ஷன் வாங்க வரும் பெரியவர் ஒருவர் போன வருஷம் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "படம் போட்டது இல்லையா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். சுருட்டிக் கவுண்டர்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.