பெட்டிக்கும் வேர்க்குமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவன்)

நம் கல்லூரியின் மேல்மாடியில் நாற்பது கணிப்பொறிகள் வைக்க ஓர் அறை ஆயத்தமாகி வருவதை நண்பர்கள் அறிவீர்கள். அந்த அறைக்கு எத்தனை டன் குளிர்சாதனம் வேண்டும் என்று கணக்கிட்டு வருமாறு எங்கள் பேராசிரியர் எங்கள் மூவரைப் பணித்தார். "வெப்பவியல் படித்தீர்களே, அது தேர்வுக்கு மட்டுந்தானா?" என்று ஒரு குத்தலும் கூடவே வந்தது.

'டன்' என்றதும் கருவியின் எடை என்று பலரும் எண்ணுகிறார்கள். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது என்ன வேகத்தில் வெப்பத்தை விழுங்குமோ அந்த வேகமே ஒரு டன், ஏறத்தாழ 3.5 கிலோவாட். குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டும் வேலைக்காரன் அது. ஆகவே உள்ளே எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்பதே முதற்கேள்வி.

கணிப்பொறி தின்னும் மின்சாரம் அனேகமாக முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. அது கணக்குப் போட்டாலும் சரி, சினிமாப் பாட்டுப் பாடினாலும் சரி! 1946இல் அமெரிக்காவில் உலகறிய வந்த எனியாக் என்னும் கணிப்பொறியில் சுமார் 18,000 வால்வுகள். அது தின்றது 150 கிலோவாட். நம் கணக்கில் 43 டன். 1960இல் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இயக்கிய டிஃப்ராக் கணிப்பொறியில் 2,700 வால்வுகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி அடுப்பு. வால்வு போய்ச் சில்லு வந்துவிட்டது. வெப்பம் மட்டும் போகவில்லை.

நம் அறைக்கு வருவோம். திரையும் சேர்த்து ஒரு கணிப்பொறிக்கு 120 வாட் என்றால், நாற்பதுக்கு 4.8 கிலோவாட். மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறான். நாற்பது பேருக்கு 4 கிலோவாட். (தேர்வு நாளில் கூடுதலாக இருக்கலாம்.) அதாவது, இயந்திரங்களுக்கு ஏறக்குறைய சமமான அடுப்புகள் நாம்! மொட்டைமாடி வெயில், விளக்குகள், கதவிடுக்குக் காற்று எல்லாவற்றுக்கும் இரண்டு கிலோவாட்டுக்கு மேல் வைத்தோம். மூன்று டன்னைத் தாண்டியது. இரண்டு டன் கருவிகள் இரண்டு என்று எழுதினோம். ஒன்று படுத்துக்கொண்டாலும் பாதி வகுப்பு நடக்குமே.

"லேய் மக்கா, முப்பந்தலில் அத்தனை காற்றாடிகளைச் சுற்றுகிற காற்று இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு? சன்னலைத் திறந்து விடு" என்றான் நண்பன் ஒருவன். மழைவிட்ட ஒரு நாள் ஆய்வகத்து உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளை அந்த அறையில் மாட்டினோம். உலர்குமிழ் 30 பாகை, ஈரக்குமிழ் 27. அட்டவணையைப் பார்த்தால் ஈரப்பதம் 79 விழுக்காடு. பனிநிலை 26 பாகை. அந்தக் காற்று 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் அதன்மேல் நீர் கோக்கும். இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நமது. சில்லிட்ட அறையின் சன்னலைத் திறப்பது கணிப்பொறிமேல் தண்ணீர் தெளிப்பதற்குச் சமம். 18 முதல் 27 பாகை வரை கணிப்பொறிகளுக்கு ஏற்றது என்கிறார்கள் வல்லுநர்கள். எனவே 24இல் வைத்தால் போதும். 16இல் வைத்து நடுங்குவது வீண் பெருமை.

மின்தடைதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. யு.பி.எஸ். கணிப்பொறிகளைத் தாங்கும், குளிர்சாதனத்தைத் தாங்காது. முப்பதடிக்கு இருபதடி அறையில், சுவர்கள் எதையும் வாங்கவில்லை என்று கொண்டால், இயந்திரங்கள் மட்டுமே நிமிடத்துக்கு ஒரு பாகைக்கு மேல் காற்றைச் சூடாக்கிவிடும். மின்சாரம் நின்ற ஐந்தாம் நிமிடத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதி வைத்தோம்.

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தாயார் முந்திரி ஆலையில் (எங்கள் ஊர்ப்பேச்சில் அண்டி ஆபீஸ்) பருப்புத் தோல் உரிக்கிறார். பருப்பு உலர்த்தும் போர்மாவுக்கு அடுத்த கொட்டகை. தோல் பறக்கும் என்று விசிறி போடமாட்டார்கள். இரவு நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தாளைப் பார்த்து அவர் கேட்டார்:

"பெட்டியளுக்கு எதுக்கு மக்களே இவ்வளவு குளிர்? அதுக்கும் வேர்க்குமா?"

"வேர்க்காதும்மா. வேர்க்கத் தெரியாததாலதான் ஏசி."

"நமக்கு வேர்க்கத் தெரியும். அதனால வேண்டாம், அப்படித்தானே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அதன்பிறகு கணக்கு ஓடவில்லை. வேர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக்குமிழ் ஏற ஏற வேர்வை உலர மறுக்கும். அது 35 பாகையைத் தொட்டால் வேர்த்தும் பயனில்லை. இவை பாடத்தில் உள்ளவை. மழைநாளில் திறந்த அறையிலேயே 27 என்றால், போர்மாவின் பக்கத்தில்?

திட்டத்தைப் பேராசிரியரிடம் ஒப்படைத்துவிட்டோம். அந்த வெப்பமானிகளை ஒரு சனிக்கிழமைக்கு இரவல் கேட்டிருக்கிறேன். எதற்கு என்றார், சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உடைக்காமல் கொண்டு வா என்றார். கொட்டகையின் நீள அகலத்தைக் காலடியால் எண்ணிவந்து சொல்வதாக அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார்.