பால் சுறாவின் இரவு: பழவேற்காட்டிலிருந்து ஒரு மணிவாரிக் குறிப்பு

முன்குறிப்பு

பழவேற்காட்டு மீனவரின் தொழில் ஏரி, கடல் என்னும் இரு நீர்களில் நிகழ்வது. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிகா ஏரிக்கு அடுத்த இடத்தைப் பெறும் பழவேற்காடு ஏரி ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைய, ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அதனை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஏரிக்குள் எவர், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பகிர்ந்தளிக்கும் ‘பாடு’ என்னும் ஊர்க்கட்டுப்பாடு உண்டு; அந்த வரிசைக்குள் அடங்காத சுறாவோ முகத்துவாரத்துக்கு அப்பால் தேட வேண்டிய கடல்மீன். கீழ்வரும் குறிப்புகள் ஏதேனும் ஒரு தேதியின் பதிவல்ல. கடல் தணிந்திருக்கும் மாசி மாதத்தில், அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், உணவுக்கெனச் சுறா பிடிக்கும் சிறுபடகு ஒன்றின் தொழில் எவ்வாறு அமையும் என்பதை மணிவாரியாக வகுத்து, ஒவ்வொரு வேளையிலும் எழும் கேள்விகளை அந்தந்த இடத்திலேயே ஆராய்வது இதன் நோக்கம்.

பிற்பகல் 3 மணி: கரை

மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம் இக்கரையின் பழைய கலமாக இருந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் வந்த நிவாரண உதவிகள், முன்பே தொடங்கியிருந்த மாற்றத்தை விரைவுபடுத்த, இன்று வெளிப்பொருத்து இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகளே மணலில் வரிசையாக நிற்கின்றன. நான்கைந்து பேர் ஏறும் படகில் எரிபொருள், ஐஸ் பெட்டி, குடிநீர், இரவுச் சோறு, விளக்கு ஆகியவை ஏற்றப்பட்ட பின், எந்தக் கருவியை எடுத்துச் செல்வது என்னும் முடிவே எஞ்சுகிறது.

சுறாவுக்குரிய கருவிகள் இரண்டு. முதலாவது செவுள்வலை, மீனின் தலை நுழைந்து உடல் நுழையாதபடி அளவிடப்பட்ட கண்களைக் கொண்டு, நீரில் திரைபோலத் தொங்கி, முன்னேறவும் பின்வாங்கவும் இயலாத நிலையில் மீனைச் சிக்கவைப்பது. இரண்டாவது ஆயிரங்கால் தூண்டில். ஒரு நெடுங்கயிற்றில் இடைவெளிவிட்டுக் கிளைக்கயிறுகளைக் கட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் இரை கோத்த முள்ளைப் பூட்டுவது. இரண்டாவதில் தேர்ந்தவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள். சுறாவைத் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் மரபு அவர்களுடையது. பழவேற்காட்டில் சுறாவை மட்டுமே நம்பிப் புறப்படும் படகு அரிது. மற்ற மீன்களுக்கு விரித்த வலையில் சுறாவும் சேர்ந்து விழுவதே பெரும்பாலான இரவுகளின் இயல்பு. எனினும் எத்தகைய கண்ணளவுள்ள வலையைப் படகில் ஏற்றுவது என்பது கரையில், பகல் வெளிச்சத்தில் எடுக்கப்படும் முடிவு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மாலை 5 மணி: முகத்துவாரம்

ஏரி கடலோடு சேரும் வாயில் முகத்துவாரம் எனப்படும். கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் அவ்வாயிலைத் தூர்ப்பதும், வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அதை மீண்டும் உடைத்துத் திறப்பதும் மாறிமாறி நிகழ்வதால், ஆழம் குறைந்த மாதங்களில் படகைத் தள்ளியே கடக்க நேரிடுகிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைத் ‘தெண்டி’ என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை ‘வன்னி’ என்றும் சோழமண்டலக் கரை மீனவர் வழங்குவர். மாசி தொடங்கிக் கடற்கரையோரம் நீர் பெரும்பாலும் வடக்கு நோக்கி ஓடுவதால், இரவெல்லாம் மிதக்கும் வலை வடக்கே நகரும் என்று கணித்து, அதற்கேற்பத் தெற்கே தள்ளி இறக்குவது கைவந்த நுட்பம்.

கலங்கரை விளக்கத்தின் ஒளியும், தெற்கே எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் உயர்ந்த புகைபோக்கிகளும் கரையின் அடையாளங்களாக உதவ, கைக்கடக்கமான ஜி.பி.எஸ். கருவி எஞ்சியதைக் கவனித்துக்கொள்கிறது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவின் ஏவுதளத்திலிருந்து ராக்கெட் ஏவப்படும் நாட்களில் இக்கடற்பகுதிக்குள் செல்லத் தடை விதிக்கப்படுவதால், காற்றையும் நிலவையும் பார்த்த பின் அந்த அறிவிப்பையும் பார்த்தே பயணம் முடிவாகிறது.

இரவு 7 மணி: வலை இறக்குதல்

ஆழம் ‘பாகம்’ என்னும் அளவில் சொல்லப்படுகிறது. இரு கைகளையும் விரித்த நீளமாகிய ஏறத்தாழ ஆறடி ஒரு பாகம். வலையின் மேல்கயிற்றில் மிதவைகளும் கீழ்கயிற்றில் ஈயக் குண்டுகளும் இருக்க, படகு மெல்ல நகரும்போது வலை மடிப்பு மடிப்பாக நீரில் இறங்குகிறது. நிலவொளியில் மீன் வலையைக் கண்டு விலகும் என்பதால் இருட்டிரவுகளே செவுள்வலைக்கு உகந்தவை.

நிலா நிறைந்த நாளில் கடலுக்குச் செல்லாத வழக்கம் தமிழ்க் கரைகளில் மிகப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் வேட்டைக்குப் போகாமல், கருவுற்ற சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாக வழிபட்டு, உண்டு களித்ததைக் கூறுகிறது. நடத்தக்க கொம்பு சுறாக்களுக்கு இல்லை; பல் பதித்த வாள்போல நீண்ட மூக்குடைய வேளா மீனின் உறுப்பே அது என்று கொள்வது பொருந்தும். வேளா உயிரியல் வகைப்பாட்டில் திருக்கையின் இனத்தைச் சேர்ந்தது. ஆயினும் சுறா என்னும் சொல்லின் எல்லை அன்று அதையும் தழுவி விரிந்திருந்தது. அப்பாடல் அதைக் கருவுற்றது என்று குறித்துச் சொல்வதும் கவனத்துக்குரியது.

இரவு 11 மணி: காத்திருப்பு

வலை நீரிலும் படகு அதன் ஒரு முனையிலும் மிதக்கும் இவ்வேளையில், நீருக்குள் இருக்கும் உயிரைப் பற்றிச் சில செய்திகள். சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. பெரும்பாலான எலும்பு மீன்களுக்குள்ள காற்றுப்பை அதற்கு இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலே மிதப்புக்குத் துணை செய்கிறது. இக்கரையில் உணவுக்கென மிகவும் விரும்பப்படுவது பால் சுறா. பொதுவாக ஒரு மீட்டர் அளவுக்கு வளரும் இது கரையோர ஆழங்குறைந்த நீரில் வாழ்வது. சந்தையில் இதே பெயரால் வேறு சில சிறிய சுறாக்களும் விற்கப்படுவதுண்டு.

கவலை மீன் ஆயிரக்கணக்கில் முட்டைகளை நீரில் விட்டுப் போய்விடும். பால் சுறாவோ கருவைத் தன் உடலுக்குள், நஞ்சுக்கொடி போன்ற இணைப்பின் வழியே ஊட்டி, ஏறத்தாழ ஓராண்டு சுமந்து, ஒரு சூலில் ஒன்று முதல் எட்டுக் குட்டிகளை ஈனுகிறது. பாலூட்டிகளை நினைவூட்டும் இந்தச் சிக்கனமான இனப்பெருக்கமே, பிடிப்பு மிகுந்தால் சுறா விரைவில் மீளாமைக்குக் காரணம். உலகின் சுறா, திருக்கை இனங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் விளிம்பை நோக்கி நகர்ந்துள்ளன என்று 2021-இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அதற்கு முதற்காரணம் அளவுமீறிய மீன்பிடி.

அதிகாலை 3 மணி: வலை இழுத்தல்

விளக்கொளியில் பாகம் பாகமாக வலை மேலேறும்போது கானாங்கெளுத்தி, திருக்கை, பால் சுறா எனக் கலந்து வருகின்றன. எப்போதேனும் சுத்தியல் வடிவத் தலையுடைய கொம்பன் சுறாவின் குட்டி ஒன்றும் வரக்கூடும். இங்கே சட்டம் படகுக்குள் நுழைகிறது.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 மே மாதம் திமிங்கலச் சுறா சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் எல்லாச் சுறாக்களும் திருக்கைகளும் சேர்க்கப்பட, மீனவர்களின் எதிர்ப்புக்குப் பின் டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகச் சுருக்கப்பட்டது. வேளா இனங்கள் அவற்றுள் அடங்கும். 1839-இல் அறிவியல் பெயர் பெற்ற புதுச்சேரிச் சுறாவும் அதில் உண்டு. ஆனால் அது கடைசியாக அறிவியல் பதிவில் இடம்பெற்ற ஆண்டு 1979. 2015-இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி முற்றிலும் தடைசெய்யப்பட்டது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலை மேலும் நீட்டியது. பால் சுறாவின் குடும்பம் முழுவதும் அதே ஆண்டு பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குரிய சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. எனினும் அது நாடுகளுக்கு இடையிலான வணிகத்தைப் பற்றியதே அன்றி, உள்ளூர் அடுக்களையைப் பற்றியதன்று.

ஆகவே வலையில் வந்ததில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைப் படகிலுள்ளோர் இருட்டில், அலையின் ஆட்டத்தில், சில நொடிகளில் இனங்கண்டு முடிவு செய்ய வேண்டும். அதைவிடக் கடினமான உண்மை வேறொன்று. பல சுறாக்கள் நீந்திக்கொண்டிருந்தால்தான் செவுள்வழி போதிய நீர் பாய்ந்து மூச்சு நிகழும். வலையில் அசைவின்றி மாட்டிய சுறா சிறிது நேரத்திலேயே மூச்சுத்திணறி இறந்துவிடுகிறது. எட்டு மணி நேரம் கிடந்த வலையிலிருந்து சூல்கொண்ட ஒன்றைப் பிரித்தெடுத்து நீரில் விடுவதால் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை.

காலை 7 மணி: ஏலம்

கரையில் மீன் கூறுகட்டி ஏலம் விடப்படுகிறது. எரிபொருள், ஐஸ் முதலிய செலவைக் கழித்து, எஞ்சிய தொகை படகுக்கும் வலைக்கும் ஒரு பங்காகவும், உழைத்தோர்க்கு மற்றொரு பங்காகவும் பிரிக்கப்படும் பங்கு முறையே இன்றும் நடைமுறை. பெரிய மீன்கள் வியாபாரிகள் வழியே சென்னை காசிமேட்டுக்கும் உணவகங்களுக்கும் போக, கூடை சுமக்கும் பெண்கள் வாங்கும் சிறிய சுறாக்கள் அக்கம்பக்கத்து ஊர்களின் தெருக்களை அடைகின்றன.

நண்பகல் 12 மணி: அடுக்களை

சுறாவின் தசையில் யூரியா மிகுதி. கடல்நீரின் உப்புக்கு ஈடாக உடல் தன் நீரைக் காத்துக்கொள்ளும் வழி அது. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுவதால், ஐஸ் தவறிய சுறா மூக்கைத் துளைக்கும். தமிழ் அடுக்களையின் முறைகள் ஒவ்வொன்றும் இந்த வேதியியலுக்கு விடையாக அமைந்தவை. துண்டுகளை மஞ்சளிட்ட கொதிநீரில் வேகவைத்து, மணல்தாள் போன்ற சொரசொரத்த தோலை உரித்து, தசையை உதிர்த்து, நீரைப் பிழிந்துவிட்ட பின், பூண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றோடு வதக்கினால் சுறாப்புட்டு. முள்ளற்ற இந்த உதிரித் தசை குழந்தைக்கும் முதியவர்க்கும் ஏற்றது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுக்க வேண்டும் என்னும் நம்பிக்கையே இம்மீனின் பெயருக்குக் காரணம். அதன் ஆங்கிலப் பெயரும் இந்தியாவின் இந்த நம்பிக்கையிலிருந்தே பிறந்தது. மறுபுறம், பெரிய சுறாக்களின் தசையில் பாதரசம் சேர்வதால், கருவுற்றோரும் பாலூட்டுவோரும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004-இலேயே அறிவுறுத்தியுள்ளது. நெடுநாள் வாழ்ந்து பெரிய மீன்களை உண்டு வளரும் சுறாவில் பாதரசம் மிகுதி. கரையோரச் சிறு சுறாவில் அது குறைவு. எனவே மரபு தேர்ந்த சிறு சுறாவுக்கும், உணவகப் பட்டியலில் வெறுமனே ‘சுறா’ என்று எழுதப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டறிவது உண்போரின் கடமையாகிறது.

பிற்பகல் 3 மணி: மீண்டும் கரை

கிழிந்த வலை மணலில் விரிந்து கிடக்க, வலைஊசியால் கண்கள் ஒவ்வொன்றாகச் சீர்செய்யப்படுகின்றன. இரவு முழுவதையும் திரும்பிப் பார்த்தால், சுறாவைக் காக்கும் முடிவுக்கு அதிகாலை மூன்று மணி மிகத் தாமதமான வேளை என்பது புலப்படும். அப்போது கையில் வருவது பெரும்பாலும் உயிரற்ற உடல். வலைக்கண் சிறுத்தால் குட்டிகள் மாட்டும், பெருத்தால் சூல்கொண்டவை மாட்டும். குட்டி ஈனும் பருவமும் குட்டிகள் தங்கும் ஆழங்குறைந்த இடங்களும் எவை என்பதை நெடுநாள் அனுபவத்தால் கரை அறிந்திருக்கிறது. கண்ணளவு, இடம், பருவம், வலை நீரில் கிடக்கும் நேரம் ஆகிய நான்கும் படகு புறப்படும் முன் முடிவாகக் கூடியவை. ஏரியில் ‘பாடு’ வகுத்து முறைவைத்த ஊர்களுக்கு இத்தகைய முடிவைக் கூடிப் பேசி எடுக்கும் பழக்கம் புதிதன்று. கருவுற்ற சுறாவின் கொம்பை நட்டு வணங்கிய நாளில் பரதவர் கடலுக்குச் செல்லவில்லை. இன்று அக்கொம்புடைய மீன் வலையில் வருவதே அரிதாகிவிட, பிள்ளை பெற்றவளின் இலையில் வைக்கப்படும் பால் சுறா, அவளைப் போலவே கருவைச் சுமந்து ஈனும் உயிராகக் கடலில் எஞ்சியிருக்கிறது.