எர்த் குழிக்குத் தண்ணீர்

குடுபல்லியில் ஜல்லி குவாரி ஒன்றின் பின்புறம், தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் உட்கார்ந்து, நிலத்தின் அதிர்வைக் கேட்கும் ஜியோபோனின் அறுந்துபோன கம்பியைப் பற்றவைக்க சால்டரிங் அயனைச் சூடேற்றினேன், ஈயத்துக்குள் இருக்கும் ரோசின் உருகி வெள்ளைப் புகையாக எழுந்து மூக்கில் ஏறியது, அவ்வளவுதான், வெளியே ஓடிக்கொண்டிருந்த கிரஷரின் இரைச்சல் எங்கோ போய்விட்டது. கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டை, பெரியப்பா வைத்திருந்த ரேடியோ ரிப்பேர் கடை, மாலை ஐந்து மணி வெயில் கதவுப் பலகைகளின் இடுக்கு வழியாகக் கோடு கோடாக விழ, அந்தக் கோடுகளுக்குள் இதே புகை சுருண்டு சுருண்டு மேலே போகும். முதுகு கழற்றிய வால்வு ரேடியோக்கள் பெஞ்சு முழுக்க நிற்கும், சூடான வால்வின் மேல் படிந்த தூசி கருகும் வாசனை தனி, ரோசின் வாசனை தனி, தாத்தாவின் வேட்டியிலிருந்து வரும் மூக்குப்பொடி நெடி தனி, மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்ல என்னால் முடியும்.

தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், சாயங்காலமானால் பெரியப்பா கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். எந்த ரேடியோ வந்தாலும் அவர் முதலில் மீட்டரை எடுக்க மாட்டார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொரு கம்பியையும் பிடித்து, பூ பறிப்பதைவிட மெதுவாக ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பார், இழுப்புக்கு அசையாத கம்பியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார், அசைந்த கம்பி கிடைத்ததும் பெரியப்பாவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டுவார். வெளியே பற்று நன்றாக இருப்பதுபோல் தெரியும், உள்ளே கம்பி தனியாக, ஈயம் தனியாக நிற்கும், சூடு போதாமல் வைத்த பற்று அப்படித்தான், காலையில் பாடும், மத்தியானம் கரகரக்கும். முக்கால்வாசிக் கோளாறு அங்கேதான் இருந்தது. பெரியப்பா பாகங்களை மாற்றிப் பார்க்க நினைப்பார், தாத்தா மூட்டுகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்.

அவர்களுடைய லைன் வீட்டின் பின்புறம், துளசி மாடத்துக்குப் பக்கத்தில், கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழி ஒன்று இருந்தது, கோடை வந்தால் தாத்தா குளித்து முடித்ததும் துளசிக்கு ஒரு சொம்பு, எர்த் குழிக்கு ஒரு வாளி என்று தண்ணீர் ஊற்றுவார். மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, எர்த் பிடிக்கவில்லை என்றால் வீட்டிலுள்ள எதையும் நம்ப முடியாது, இது அவர் கட்சி. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து காவேரியின் மின்சாரம் நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரம் கம்பியில் ஓடிவந்து சேர்ந்த ஊர் அது, அந்த மின்சாரத்தைப் பரம்பரை வேலையாகவே பார்த்தவர்கள் இருந்த தெரு எங்கள் தெரு.

ராத்திரிகளில் சில சமயம் தரைக்குள்ளிருந்து ஒரு குத்து வரும். பழைய ஆட்கள் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கத்தில் மேலே உள்ள நிலத்தின் பாரம் தாங்காமல் பாறை வெடிப்பது அது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், ஆயா சாமி பெயர் சொல்லியபடி எழுந்து உட்காருவார், தாத்தா மட்டும் எழுந்திருக்காமல் படுத்தபடியே உள்ளங்கையைச் சுவரில் பதித்து வைத்திருப்பார், சுவரின் நடுக்கம் அடங்கும் வரை கையை எடுக்க மாட்டார். எழுபதுகளின் இறுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு ஜியோபோன்களைப் பதித்து, பாறை எங்கே வெடித்தது என்று கணக்கிடும் வலையமைப்பு அங்கே வந்தது, 1988ல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனமும் அதே ஊரில் தொடங்கியது. ஒரே அதிர்வு ஒவ்வொரு ஜியோபோனுக்கும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும், அந்த நேர வித்தியாசத்திலிருந்து வெடித்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் கெட்டியான பாறைக்குள் அதிர்வு விநாடிக்கு ஆறு கிலோமீட்டர் போல ஓடுகிறது, நூறில் ஒரு விநாடி பிசகினாலே இடம் அறுபது மீட்டர் தள்ளிப் போய்விடும், கீழே மீட்புக்குப் போகிறவனுக்கு அறுபது மீட்டர் என்பது வேறு சுரங்கப் பாதை.

அதே சாம்பியன் ரீஃபின் ஆழத்தில்தான் 1965ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்களும் ஜப்பானின் ஒசாகாவிலிருந்தும் இங்கிலாந்தின் டர்ஹாமிலிருந்தும் வந்தவர்களும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தார்கள். நியான் குழாய்கள் மின்னுவதைப் படமெடுக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருந்தால் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சம்பவங்கள் கிடைக்கும். தரவுக் கருவி என்றாலே வேகம் என்று இன்று எல்லோரும் நினைக்கிறார்கள், எதை அளக்கிறோமோ அதுதான் வேகத்தைச் சொல்ல வேண்டும், அங்கே பொறுமைதான் வேகம்.

கோடை விடுமுறையென்றால் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பங்காரப்பேட்டையில் மாறி, காமசமுத்திரம், பிசாநத்தம் தாண்டி குடுபல்லியில் இறங்குவோம், அம்மாவைப் பெற்ற ஆயாவின் வீடு இங்கேதான். வீட்டுக்குள் நுழைந்ததும் பட்டுப்புழுத் தட்டுகளின் வாசனை முகத்தில் அடிக்கும், நறுக்கிய முசுக்கொட்டை இலையின் பச்சை நெடியும் புழுவின் ஈர நெடியும் கலந்தது, ராத்திரி விளக்கணைத்துப் படுத்தால் ஆயிரக்கணக்கான புழுக்கள் இலை தின்னும் ஓசை தூறல் விழுவதுபோலக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஓசையின் அடர்த்தியை வைத்தே ஆயா இருட்டில் எழுந்து, இந்தத் தட்டு பசித்திருக்கிறது, அந்தத் தட்டு தோலுரிக்கப் போகிறது என்பார். பேச்சில் பாதி தமிழ், பாதி தெலுங்கு, சந்தைக்குப் போனால் கன்னடமும் வரும், களிக்கு மட்டும் எந்த பாஷையிலும் அதே ராகி. சிகுர்குண்டாவிலும் பிசாநத்தத்திலும் தங்கச் சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம், கோலார் மண்ணின் தங்கப் பாறை தெற்கே இந்த மண்டலம் வரை நீண்டு வருகிறது, 2001 பிப்ரவரியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது இந்தப் பக்கமும் ஓய்ந்தது.

இப்போது குடுபல்லியில் முசுக்கொட்டைத் தோட்டங்களுக்கு நடுவே குவாரிகள் இருக்கின்றன, வெடி வைக்கும்போது வீடுகளில் விரிசல் விழுகிறது என்று புகார், அதை அளக்க வாடகைக்கு எடுத்த அளவைப் பெட்டி ஒன்று ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறது. எட்டு சானல், மடிக்கணினியோடு ஒரு யுஎஸ்பி கம்பி, திரையில் அழகான வண்ணக் கோடுகள். கூட வந்த பையன் கெட்டிக்காரன், ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டான், கோடு கோணலாக வந்தால் மென்பொருளை மூடித் திறப்பான், மறுபடி நிறுவுவான், கம்பிப் பக்கம் கை போகாது. வெடியே வைக்காத நேரத்தில் எல்லாக் கோடுகளிலும் ஒரு சீரான நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது, எதுவுமே இணைக்காத ஐந்தாவது சானலில் நான்காவதின் நிழல் தெரிந்தது, பெட்டி கெட்டுவிட்டது, திருப்பி அனுப்பலாம் என்றான்.

பெட்டி கெடவில்லை. கம்பியின் மேலுறை வலையை ஜியோபோன் பக்கத்திலும் எர்த் செய்திருந்தார்கள், பெட்டிப் பக்கத்திலும் எர்த் செய்திருந்தார்கள், ஏப்ரல் மாதத்துச் செம்மண் காய்ந்து பாளமாகக் கிடக்கையில் குவாரி மேட்டின் எர்த்தும் ஷெட்டின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்காது, அந்த வித்தியாசத்தில் வலை வழியாகச் சுற்று மின்னோட்டம் ஓடி, லைனின் ஐம்பது ஹெர்ட்ஸ் முனகலை எல்லா சானலிலும் ஏற்றிவிடும். ஒரு முனையை அவிழ்த்தோம், முனகல் நின்றது. நிழல் வேறு சங்கதி, எட்டு சானலுக்கும் உள்ளே இருக்கும் எண்ணாக்கி ஒன்றுதான், அது முறை வைத்து ஒவ்வொரு வாசலாகப் போய் எட்டிப் பார்க்கிறது, வெறும் வாசலுக்கு வரும்போது முந்தைய வாசலில் ஏறிய மின்னழுத்தம் வடிய வழியில்லாமல் அப்படியே நிற்கிறது, அதைத்தான் அளந்து காட்டுகிறது. பயன்படாத வாசலை எர்த்தோடு இணைத்துவிட்டால் தீர்ந்தது. அறுந்த கம்பி எதுவென்று தெரிந்தது மட்டும் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்ததில்தான்.

மிஞ்சியது வேகம். பெட்டியின் மேல் விநாடிக்கு ஆயிரம் முறை அளக்கும் என்று எழுதியிருந்தது, எல்லோரும் அதையே நம்பியிருந்தார்கள், ஆனால் அந்த ஆயிரம் எட்டு சானலுக்கும் சேர்த்து, ஒன்றுக்கு நூற்றிருபத்தைந்துதான் விழுகிறது. அளக்கும் அதிர்வைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகப் பார்க்காவிட்டால் அதிர்வு வேறொன்றாக வேடம் போட்டுக்கொண்டு வரும், குப்பத்தில் டென்ட் கொட்டாயில் சண்டைக் காட்சியில் குதிரை வண்டி முன்னால் ஓட, சக்கரம் மட்டும் பின்னால் சுற்றுவதை மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம், விநாடிக்கு இருபத்துநான்கு படம் எடுக்கும் கேமராவுக்கு அந்த ஆரங்களின் வேகம் பிடிபடவில்லை. நூற்றிருபத்தைந்து முறை பார்க்கும் பெட்டிக்கு நூற்றிருபது ஹெர்ட்ஸ் அதிர்வு ஐந்து ஹெர்ட்ஸ் அலையாகத் தெரியும். எண்ணாக மாறிய பிறகு எந்தக் கணினியாலும் அதைப் பிரிக்க முடியாது, மாறுவதற்கு முன்பே வடிகட்டி போட்டு வெட்டியிருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி நினைத்தாலே எனக்குக் காவலூர் வானாய்வகம் நினைவுக்கு வந்துவிடும். மாணவனாக வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் போனேன், சந்தன மரங்களின் நடுவே வெள்ளைக் குவிமாடங்கள், உள்ளே எண்ணெயும் குளிர்ந்த இரும்பும் கலந்த வாசனை, மையூற்றிய பேனா ஓடும் பதிவுத்தாள் சுருள்கள். 1977 மார்ச் 10ந் தேதி இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போகிறது என்று அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள், கிரகம் வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சுமார் ஒன்பது விநாடிக்கு விழுந்து எழுந்தது. முதலில் புதிய துணைக்கோள் என்றே வானியலாளர்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் எழுதினார்கள், இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி அதே விண்மீனைப் பார்த்த அமெரிக்கக் குழு வளையங்கள் என்றது, அதன் பிறகு பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் காவலூரின் பதிவை வைத்து யுரேனசின் வளையங்களைப் பற்றி அதே ஆண்டு எழுதினார்கள். நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் அளந்திருந்தால் அந்த ஒன்பது விநாடி எங்கே போயிருக்கும்?

காதங்கி ரேடாரிலும் அதே பாடம், தலைகீழாக. சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில், குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில், 1024 ஆன்டெனாக்கள் வரிசை பிடித்து நிற்கின்றன, ஐம்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸில் வானத்தை நோக்கி அலை அனுப்பி, காற்றிலிருந்தே திரும்பும் மங்கலான எதிரொலியைக் கேட்கின்றன. அலை ஒரு மைக்ரோ விநாடியில் முந்நூறு மீட்டர் ஓடும், போய்த் திரும்ப வேண்டுமென்பதால் மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை கேட்டால் காற்றை நூற்றைம்பது மீட்டர் அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு எதிரொலி தனியாகக் காதில் விழாது, எத்தனையோ துடிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால்தான் இரைச்சலுக்குள்ளிருந்து காற்று வெளிவரும். அவசரமும் நிதானமும் ஒரே கருவிக்குள் குடியிருக்கின்றன.

ஷெட்டுக்கு வெளியே, விரிசல் விழுந்த வீட்டுக்கார மூதாட்டி காத்திருந்தார். "ஏம்ப்பா நைனா, உம் பொட்டி என்னா சொல்லுது?" என்று கேட்டார். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997ல் போட்ட விதிப்படி, அவர் வீடு போன்ற வீட்டுக்கு எட்டு ஹெர்ட்ஸுக்குக் கீழென்றால் விநாடிக்கு ஐந்து மில்லிமீட்டர் வரைதான் அதிர்வை அனுமதிக்கலாம், எட்டிலிருந்து இருபத்தைந்து வரை பத்து, அதற்கு மேல் பதினைந்து. அதாவது பெட்டி அலையின் அதிர்வெண்ணைப் பிழையாகப் பார்த்தால் நியாயமே மாறிப்போகும், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உச்சம் விழுந்து காணாமல் போனால் குவாரிக்காரர் தப்பிப்பார், வேகமான அலை மெதுவான வேடத்தில் வந்தால் குவாரிக்காரர்மேல் வீண் பழி விழும். "இன்னும் ஒண்ணும் சொல்லல ஆயா, நாளைக்குச் சரியா கேட்டுச் சொல்றேன்" என்றேன். நின்று கேட்டுவிட்டு, நாளைக்கு வீட்டுக்கே வந்து சுவரைத் தொட்டுப் பார் என்று சொல்லிப் போனார். மூன்று அச்சும் ஒரு மைக்கும் மட்டும் வைத்து, சானல் ஒன்றுக்கு விநாடிக்கு ஆயிரத்துக்குக் குறையாமல் எடுக்கும் பெட்டியாக மாற்றினோம், வெடியதிர்வு அளப்பவர்களிடம் அதுதான் வழக்கம், ஜியோபோனைச் செம்மண்ணில் சும்மா வைக்காமல் குழி தோண்டிப் புதைத்தோம், எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன், பையன் ஊற்றினான்.

சிகுர்குண்டா பிசாநத்தம் தங்கத் தொகுதியை 2018 ஏலத்தில் சுரங்க நிறுவனமான என்எம்டிசி எடுத்தது. சுரங்கம் மறுபடி திறக்கும் நாளில், முதல் வெடி வைப்பதற்கு முன்பே இந்த மண்டலத்தின் வீடுகளுக்கு அருகே ஜியோபோன்கள் பதிக்கப்பட வேண்டும், அவற்றின் பதிவு கிராம பஞ்சாயத்திலும் ஒரு படி இருக்க வேண்டும், அந்தக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்துப் பராமரிக்கும் வேலை குடுபல்லிப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்துத் தரப்பட வேண்டும். திட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் இதை இப்போதே எழுதி வைக்கட்டும்.