நேர் தெற்கே ஒரு பாறை

கோவையின் துடியலூரிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால் அது வால்பாறை மலையேறி, திருவனந்தபுரத்தில் கடலில் இறங்கும். அப்புறம் வழியில் நிலமே கிடையாது. ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் தள்ளி, அண்டார்க்டிகாவின் லார்ஸ்மன் குன்றுகளுக்குப் பக்கத்தில்தான் கரை தட்டும். 2012-இல் தொடங்கிய நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கரையை ஒட்டிக் கடலில் சுமார் 130 தீவுகள். பல வெறும் பாறைகள். மனிதக் குடியிருப்பு எதிலும் இல்லை. அந்தப் பகுதியின் பாறை இடுக்குகளில் வில்சன் என்பவரின் பெயர் தாங்கிய சிறு கடற்பறவை முட்டையிடுகிறது. குருவியைவிடச் சற்றே பெரிய இந்த இனம், அங்கே குளிர் இறுகும் மாதங்களில் வடக்கே பறந்து நம் கேரளக் கடல் வரைக்கும் வருகிறது.

உறவு பறவையோடு முடியவில்லை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தவை. நம் ஊர்க் கருங்கல்லில் வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடும், நடுவே காக்காப்பொன் மின்னும். அங்கேயும் அதே சாதிப் பாறைதான்.

ஆனால் அங்குள்ள பாறைக்குக் கிடைத்திருக்கும் காவல் பெரிது. 1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தான உடன்படிக்கை அண்டார்க்டிகாவில் கனிமம் தோண்டுவதைத் தடை செய்தது. அதன் வழியில் இந்தியாவும் 2022-இல் தனிச்சட்டமே இயற்றியது. லார்ஸ்மன் குன்றுகளில் ஸ்டோர்னெஸ் என்றொரு தீபகற்பம். அங்குள்ள அரிய கனிமங்களுக்காகவே 2014-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆக்கினார்கள். அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூட முடியாது.

இங்கே துடியலூருக்கு மேற்கே தடாகம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை ஆள் உயரத்தையும் தாண்டித் தோண்டினார்கள். தென்னந்தோப்புக்கு ஓரமாகச் செங்குத்தாக வெட்டிய சுவர், அதில் அந்தரத்தில் தொங்கும் வேர்கள், யானை நடந்த தடத்தில் குழி. ஊர் மக்கள் வழக்குப் போட்டுப் போராடிய பிறகு, 2021-இல் உரிமமில்லாத சூளைகளை அரசு மூடியது. வெட்டிய மண் திரும்பவில்லை.

ஆளில்லாத பாறைக்காக நாடுகள் கூடிச் சட்டம் போட முடிகிறதென்றால், ஆளும் ஆடுமாடும் யானையும் வாழும் பள்ளத்தாக்கைக் காப்பது முடியாத காரியமல்ல. வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செங்கல்லும் ஜல்லியும் விலை பேசும் முன், அவை எந்த ஊர் மண், எந்த மலைக் கல் என்று கேளுங்கள். உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.