அரை அடி உயரம்

நான் தர்மம் போடும் காசு அரை அடி உயரத்திலிருந்துதான் விழும். இதைக் கண்டுபிடித்தது என் ஏழு வயது மகள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், எங்கள் சர்ச் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். விரல்கள் மழுங்கிப்போன கைகள். முன்னால் ஓர் அலுமினியத் தட்டு. பல வருஷமாக அதில் காசு போடுகிறேன். ஒரு வாரம் தவறியதில்லை. பி.காம். படித்தவன் அல்லவா? சம்பளத்தில் பத்தில் ஒன்று காணிக்கை, பாட்டிக்குப் பத்து ரூபாய். கடவுளே வந்து ஆடிட் பண்ணினாலும் நம் கணக்கு டாலி ஆகும் என்று உள்ளூர ஒரு நினைப்பு.

ஒரு ஞாயிறு, காசை மகளிடம் கொடுத்தேன். அவள் தட்டில் போடவில்லை. பாட்டியின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்தாள். நான் வெடுக்கென்று அவளை இழுத்துவிட்டேன்.

பாட்டி கோபப்படவில்லை. "கையக் கழுவி விட்டுருங்க சார்... சின்னப் புள்ள" என்றார்.

கொஞ்ச தூரம் வந்ததும் மகள் கேட்டாள்: "ஏம்ப்பா, நீங்க மட்டும் எப்பவும் மேலேர்ந்தே போடறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வந்திருக்குமா?

அன்று ராத்திரி டாக்டர் பால் பிராண்ட் ஞாபகம் வந்தது. 1914-ல் நம் கொல்லிமலையில், மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று நம்பிய காலம் அது. பிராண்ட் பொறுமையாகக் கவனித்தார். நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது. வலி தெரியாததால் சூடுபட்டும் காயம்பட்டும் விரல் தேய்ந்துபோகிறது என்று காட்டினார். ராத்திரி எலி கடித்தால்கூடத் தெரியாது! அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார் பிராண்ட்.

ஆனால், அன்று என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஆபரேஷன்கள் அல்ல. ஒரு நோயாளியின் தோளில் கை வைத்தபடி சிகிச்சையை விளக்கிக்கொண்டிருந்தாராம் பிராண்ட். அந்த ஆள் விம்மி அழ ஆரம்பித்துவிட்டார். 'ஏதும் தப்பாகச் சொல்லிவிட்டேனா?' என்று பக்கத்தில் இருந்தவரிடம் பதறி விசாரித்தார். காரணம், தோளில் இருந்த அந்தக் கைதான். பல வருஷமாக அவரை யாரும் தொட்டதே இல்லையாம். பிராண்டே எழுதியிருக்கிற சம்பவம் இது.

இயேசுவும் தொழுநோயாளியைத் தொட்டுத்தான் குணமாக்கினார். சண்டே கிளாஸ் காலத்திலிருந்து கேட்கிற கதை. மண்டையில் இருந்தது, கைக்கு வரவில்லை.

இத்தனைக்கும் இன்று தொழுநோயைப் பூரணமாகக் குணமாக்கும் கூட்டு மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அடுத்தவருக்குப் பரவும் தன்மை போய்விடும். குணமானவரின் மழுங்கிய விரல், பழைய காயத்தின் தழும்புதான். இதையெல்லாம் பத்திரிகையில் எழுதியவனே நான்தான் ஸார்!

அடுத்த ஞாயிறு, குனிந்து பாட்டியின் கையில் காசை வைக்கப்போனேன். அவர் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வேணாம் சார், தட்டுலயே போடுங்க."

பல வருஷமாக நான் சொல்லிக்கொடுத்த பாடம் அல்லவா அது!

பக்கத்தில் உட்கார்ந்தேன். மருந்து சாப்பிட்டு முடித்தே இருபது வருஷம் ஆகிறதாம். காலில் மட்டும் ஆறாத புண். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் காலியாகிவிடுகிறது என்றார். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த ஆட்டோவிலும் முதல் பத்து நிமிஷம் ஓரமாக ஒட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இயேசுவின் சீஷன் என்று சொல்லிக்கொள்வது சுலபம். என் கணக்கில் பத்து ரூபாய்க்கு இடம் இருந்தது. அந்த அரை அடிக்கு இல்லை. அதைத்தான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் சர்ச்சோ, கோயிலோ, பள்ளிவாசலோ... வாசலில் ஒரு தட்டு இருக்கும். அடுத்த தடவை காசு போடும்போது, உங்கள் கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்களேன்.