அரை மார்க்கு

பரீட்சைப் பேப்பர் திருத்தும் உபாத்தியாயருக்குக் கையில் சிவப்பு மசி ஏறியவுடன் தலையில் கொஞ்சம் கர்வமும் ஏறிவிடுகிறது. நமக்கும் ஏறிற்று. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆங்கில வியாசத்தில், தன்னைப் பாட்டி வளர்த்ததைச் சொல்ல 'ரெய்ஸ்' என்ற வினைச்சொல்லைப் போட்டிருந்தான். நாம் அதை வட்டமிட்டு, அரை மார்க்கைக் குறைத்து, "ஆடு மாடுகளுக்குத்தான் இந்தச் சொல், பிள்ளைகளுக்கு ஆகாது" என்று ஓரத்தில் எழுதினோம். நம் உபாத்தியாயர் நமக்குச் சொல்லித் தந்த விதி அது.

மறுநாள் பையன் மேஜையண்டை வந்து நின்றான். மார்க்கு கேட்கவில்லை. "ஸார், எங்கள் பாட்டி எருமை வளர்த்துப் பால் விற்றுத்தான் என்னையும் வளர்த்தாள். இரண்டுக்கும் வேறு வேறு வார்த்தையா?" என்றான்.

நமக்குப் பதில் வரவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம், போ" என்றோம். உபாத்தியாயர்களுக்கு ஆபத்பாந்தவனான வாக்கியம் அது.

அன்றிரவு அகராதியைப் புரட்டினோம். நேயர்களே, அந்தச் சொல்லின் லீலைகளை என்னவென்று சொல்வது! தூக்குவது என்பது அதன் முதல் அர்த்தம். ஆனால் கேள்வியை எழுப்பினாலும் ரெய்ஸ்தான். பணம் திரட்டினாலும், படை திரட்டினாலும் அதுவேதான். பயிர் விளைவிப்பதும் அது. செத்தவனை உயிர்ப்பிப்பதும் அது. புருவத்தை ரெய்ஸ் செய்தால் வியப்பு. கூரையை ரெய்ஸ் செய்தால் பெருங்கூச்சல். முற்றுகையை ரெய்ஸ் செய்வதென்றாலோ, முற்றுகையிடுவதல்ல, அதை விலக்குவது! கட்டடத்தை எழுப்புவதற்கு இந்தச் சொல்; அதை இடித்துத் தரைமட்டமாக்குவதற்கு உள்ள வேறொரு சொல்லும் காதுக்கு இதே ஒலிதான்; எழுத்து மட்டும் வேறு. சம்பள உயர்வை அமெரிக்கர் 'ரெய்ஸ்' என்பர், ஆங்கிலேயர் 'ரைஸ்' என்பர். நமக்கு இரண்டுமே அபூர்வம்.

நம் பாஷை மட்டும் இளைத்ததா? 'எடு' என்ற சொல்லைப் பாருங்கள். பசி எடுக்கிறது; பேச்செடுக்கிறோம்; பகைவன் படையெடுக்கிறான், பிறகு ஓட்டம் எடுக்கிறான்; நொடித்த குடும்பம் தலையெடுக்கிறது; தாயில்லாக் குழந்தையை யாரோ எடுத்து வளர்க்கிறார்கள்.

பையன் விஷயத்துக்கு வருவோம். பிள்ளை வளர்ப்பதை 'ரெய்ஸ்' என்பது அமெரிக்காவில் சர்வ சாதாரணமான வழக்கு. 18-ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பொருளில் வழங்கியிருக்கிறது. பிள்ளைகளுக்கு 'ரியர்' என்ற சொல்லே தகும் என்று கோடு கிழித்தவர்கள் பழைய இலக்கண வாத்திமார்கள். வேடிக்கை என்னவென்றால், ரியரும் ரெய்ஸும் ஒரே வேரில் பிறந்த சகோதரர்கள். முன்னது இங்கிலாந்திலேயே இருந்தது. பின்னது ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் பாஷையிலிருந்து வந்து, 1200-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கில எழுத்தில் இடம் பெற்றது. அதுவும் வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைதான்.

மறுநாள் வகுப்பறிய நம் பிழையை ஒப்புக்கொண்டு, அரை மார்க்கைத் திருப்பிக் கொடுத்தோம். ஓரத்தில் எழுதிய வரியையும் அடித்தோம். ஆனால் சிவப்பின் மேல் சிவப்பு. அடித்த பிறகும் எழுத்துக்கள் நன்றாய்த் தெரிந்தன.

"பாட்டி பார்த்தாளா?" என்று மெல்லக் கேட்டோம்.

"பார்த்தாள் ஸார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது" என்றான் பையன்.

நமக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாயிருக்கிறது.